மரத்தடியில் ஒரு கோடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மா சுகம். என்னைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நீ "ம்" கொட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். அதனால்தான் கடிதம்.

வீட்டில் சேறு வழித்தாகிவிட்டது. சுவரில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்ற கறை மட்டும் போகவில்லை. அத்தானின் தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். இனி யார் மிதிக்கப்போகிறார்கள் என்று கேட்காதே.

வெள்ளம் வந்த மறுநாள் நீ அம்மாவுக்கு அனுப்பிய செய்தியை அவள் இன்னும் அக்கம்பக்கத்தில் காட்டிக்கொண்டிருக்கிறாள். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, உலகம் முழுக்கப் பல பேர் உட்கார்ந்த இடத்திலிருந்தே மீட்புப் படகுகளுக்கு வரைபடம் போடுகிறீர்களாம். நம் பேட்டையை வரையும் வேலையை நீயே கேட்டு வாங்கிக்கொண்டாயாம். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. உங்கள் வரைபடத்தை வைத்துத்தான் பள்ளிக்கூட மாடியில் தவித்த அறுபது பேரை மீட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை அத்தானுக்கு நெஞ்சு வலித்தது. உதவி எண்ணுக்குச் சொன்னதும் படகு புறப்பட்டுவிட்டது; கால் மணி நேரத்தில் வந்துவிடும் என்றார்கள். மாடிப்படியில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. படகோட்டியை நான் திட்டிய திட்டு கொஞ்சமல்ல.

போன வாரம் அவரே வீடு தேடி வந்தார். போனில் வரைபடத்தைத் திறந்து, "பாருங்கம்மா, மில்லுக்குப் பின்னாடி உங்க வீட்டுக்கு நேரா ஒரு சந்து போட்டிருக்கு. அதை நம்பித்தான் உள்ளே விட்டோம். கடைசியில சுவர். படகைத் திருப்ப இடமில்லை, பின்னாலேயே தள்ளிக்கிட்டு வந்தோம்" என்றார். யார் வரைந்தது என்று கேட்டேன். கோட்டைத் தொட்டதும் பெயர் வந்தது: ஓணான்.

சுவர் சுவராக ஏறித் திரிந்த உனக்கு அந்தப் பெயரை வைத்தவளே நான்தானே. எய்தவன் இருக்க அம்பை நொந்திருக்கிறேன்.

படத்தில் தெரிவதை மட்டும்தான் வரைய வேண்டும், தெரியாததை விட்டுவிட வேண்டும் என்று உங்களுக்குச் சட்டமாம், படகோட்டி சொன்னார். அந்த இடத்தில் மரம் மட்டும்தான் தெரிகிறது. மரத்துக்குக் கீழே சந்து இருக்கிறது என்று உனக்கு ஞாபகம். இருந்தது, நீ சைக்கிள் விட்ட காலத்தில். மில்காரர் அதை அடைத்து மூன்று வருஷமாகிறது. அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். அத்தான் கடைக்கு ஊரைச் சுற்றிப் போகிறார் என்று அரை மணி நேரம் புலம்பினேன். நீ "ம்" கொட்டினாய். கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒன்பது வருஷமாக நீ ஊர்ப்பக்கமே வரவில்லை. இந்த மூன்று வருஷத்தில் ஒருமுறை வந்திருந்தாலும் சுவர் கண்ணில் பட்டிருக்கும். எனக்குக் கோபம் தீரவில்லை, தம்பி. தீரும் என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. தண்ணீர் வேகத்தில் படகு தாமதித்துவிட்டது என்றே நம்புகிறாள். அப்படியே இருக்கட்டும்.

மறுபடி மழை வருமாம். சந்துக்குள் போகாதீர்கள் என்று படகோட்டி தன் ஆட்களிடம் சொல்லிவிட்டார். கோட்டைத் தானே அழித்துவிடுவதாகவும் சொன்னார். வேண்டாம், என் தம்பி அழிப்பான் என்றேன்.

நீ நன்றாக இரு. உன்னைச் சபிக்க எனக்கு வாய் வராது. இதைப் படித்ததும் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, அங்கே ஒரு சுவரை வரை. எவ்வளவு உயரம் என்று தெரியாவிட்டால் என்னைக் கேள். இந்த முறையாவது கேள்.

இப்படிக்கு,
உன் அக்கா