உப்பு பார்க்க ஒருவர்

மார்ச் 2, வியாழன்

காலையில் ஜெபம் முடித்து எழுந்ததும், இப்போது என்ன ஜெபித்தேன் என்று யோசித்தேன். ஒன்றுமே நினைவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு கேஸ் சொல்ல வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்தது. எத்தனை மாதமாக இப்படி? வாய் தன் பாட்டுக்கு ஓடுகிறது, மனசு அடுப்படியில் நிற்கிறது. ஆண்டவர்மேல் எனக்கு இருந்த பசி எங்கே போய்த் தொலைந்தது?

போதகரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயும்வரை உபவாசம் இருங்கள், அந்தப் பசியை மட்டும் கேளுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்றார். நாளைக்கே தொடங்குகிறேன். வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "சமையல்காரிக்கு உபவாசமா? தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு நனைய மாட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

மார்ச் 3, வெள்ளி

தோற்றேன். சூப் கொதித்ததும் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில், உள்ளங்கையிலிருந்து நாக்கில். இத்தனை வருடப் பழக்கம், கை என்னைக் கேட்கவா செய்கிறது? விழுங்கிய பிறகுதான் உறைத்தது. அப்புறம் நாள் முழுக்க ஒரே எரிச்சல். ஜெபிக்க உட்கார்ந்தால் ரொட்டிதான் கண்ணுக்குள் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பொழுது சாயக்கூடப் பொறுக்கவில்லை. தட்டைப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்து எனக்காக சூப் வைத்திருந்தார். வாட்ச் ரிப்பேர் பார்க்கிற கை. காய்களையெல்லாம் பொடிப்பொடியாக நறுக்கியிருந்தது. உப்பு மட்டும் இல்லை. "இதைக் குடிக்கவா காலையிலேருந்து காஞ்சு கிடந்தேன்?" என்றேன். அவர் உப்பு டப்பாவை எடுத்து வைத்தார்.

மார்ச் 5, ஞாயிறு

போதகரிடம் கேட்டேன். "ஆண்டவர் உங்க கரண்டியையா பாத்துக்கிட்டு இருக்காரு? ருசி பாத்துட்டுப் போங்கம்மா" என்று சிரித்தார். நான் கேட்கவில்லை. ருசி பார்க்காமலே சமைப்பேன் என்று சொல்லிவிட்டேன். என் பிடிவாதம் ஊரறிந்தது.

மார்ச் 10, வெள்ளி

உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறேன். தட்டெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. நர்ஸம்மா கீழே இறங்கி வந்து, "என்னக்கா, கடலையே அள்ளிட்டு வந்து ஊத்திட்டீங்களா?" என்றாள்.

அழுகை வந்தது. நான் உபவாசம் இருக்க, நோயாளிகள் பட்டினி. இதையா அவர் என்னிடம் கேட்டார்?

ஒரு தட்டு மட்டும் உப்பால் திரும்பவில்லை. மூலைக் கட்டில் லாரிக்காரர் எப்போதும் சாப்பிடுவதில்லையாம். அவர் கால் உடைந்து இங்கே கிடந்தபோதே வீட்டில் மனைவி போய்விட்டாள். அடக்கத்துக்குக்கூடப் போக முடியவில்லை. அன்றிலிருந்து குளுக்கோஸில்தான் ஓடுகிறது. இப்படியே போனால் புண் ஆறாது, ஆளே தேறமாட்டார் என்று டாக்டர் சொல்கிறாராம்.

மார்ச் 17, வெள்ளி

ஒரு கிண்ணம் சூப்போடு மூலைக் கட்டிலுக்குப் போனேன். ஏன் அவரிடம்? போன வாரம் என் உப்பைக் குறை சொல்லாத ஒரே ஆள் அவர்தானே!

"அண்ணே, போதகர் சொல்லி இன்னைக்கு எனக்கு உபவாசம். நாக்குல எதுவும் வைக்க மாட்டேன். உப்பு சரியான்னு நீங்கதான் சொல்லணும். அத்தனை பேரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நகரவில்லை. "ஆறிடும்ணே."

என் தொல்லை தாங்காமல் ஒரு கரண்டி வாயில் வைத்தார். "உப்பு இல்ல." கீழே ஓடி, போட்டு, மேலே வந்தேன். "இன்னும் கொஞ்சம்." மறுபடி ஓடினேன். மறுபடி மேலே. "மிளகை யாரு போடுவா, உங்க போதகரா?"

வெறும் வயிறு, இறங்கும்போது தலை சுற்றி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஆண்டவரே, இந்த மனுஷன் சாப்பிடணும், எப்படியாவது சாப்பிட வைங்க" — வாய்விட்டே கேட்டேன். கேட்டதெல்லாம் இப்போதும் ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது.

மார்ச் 18, சனி

இன்று உபவாசம் இல்லை. நர்ஸம்மா வந்து சொன்னாள்: "மூலைக் கட்டில்ல கேக்குறாரு, இன்னைக்கு உப்பு பாக்க வேணாமான்னு."

மார்ச் 21, செவ்வாய்

தினமும் கொண்டுபோகிறேன். தினமும் ஒரு குறை.

மார்ச் 24, வெள்ளி

"எதுக்கும்மா இந்த உபவாசம்?" என்று லாரிக்காரர் கேட்டார்.

"ஆண்டவர்மேல பசி வேணும்ணே. எனக்கு அது செத்துப்போச்சு."

கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். "என் வீட்டுக்காரி உப்பே ஒழுங்கா போட மாட்டா. தட்டுல கை வைக்கும்போதே திட்டுவேன். கடைசியா போன்ல பேசினப்பகூட அதைச் சொல்லித்தான் கிண்டல் பண்ணேன்." அவ்வளவு பெரிய மனுஷன், கிண்ணம் சாய்வதுகூடத் தெரியாமல் அழுதார். நான் அடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். அழுதுகொண்டே கிண்ணத்தைக் காலி செய்தார். உப்பு சரியா என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 27, திங்கள்

குளுக்கோஸை எடுத்துவிட்டார்கள். இன்று இரண்டு கிண்ணம்! ஆண்டவரே, ஸ்தோத்திரம்.

மார்ச் 31, வெள்ளி

லாரிக்காரர் வீட்டுக்குப் போனார். போகுமுன் ஊன்றுகோலோடு சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். கரண்டியை நீட்டினேன். "சரியா இருக்கும்மா" என்றார், முதல் தடவையாக. நம்ப முடியாமல், "நெசமாவா?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பொழுது சாஞ்சிருச்சு, வா." கொஞ்சம் இருங்க என்றேன். மறுபடி வந்து, "சூப் ஆறுது" என்றார். இன்னும் முடியவில்லை என்றேன். உண்மையாகவே எழுந்திருக்க மனசில்லை.

நான் எழுந்து வந்தபோது அவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சூப்பை மறுபடி சூடாக்கி ஊற்றினார். உப்பே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கை உப்பு டப்பா பக்கம் போனது.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கிண்ணம் கேட்டேன்.