நெஞ்சில் நகராத வெளிச்சம்

பிப்ரவரி 11
என் ரத்தத்திலிருந்து எடுத்து, புற்றுநோயைக் கண்டால் விடாதே என்று பழக்கிய வெள்ளை அணுக்களை இன்று திருப்பி ஏற்றினார்கள். சின்னப் பை, கால் மணி நேரம். மினசோட்டா ஏரிகளில் முப்பத்தோரு வருடம், மீன் வயிற்றில் சிக்னல் கொடுக்கும் வில்லையைத் தைத்துவிட்டுப் படகில் பின்னாலேயே அலைந்தவன் நான். இப்போது என் அணுக்கள் எங்கே போகின்றன என்று ஸ்கேன் படத்தில் பார்க்கலாமாம். யார் மூளையில் உதித்ததோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

பிப்ரவரி 15
காய்ச்சல். எழுத முடியவில்லை.

பிப்ரவரி 18
முதல் படம். படமெடுக்கும் ரோவெனா திரையைத் திருப்பிக் காட்டினாள். நெஞ்சில் கட்டி இருக்கும் இடத்தில் ஒரே வெளிச்சம்.
"எல்லாம் நேரா அங்கதான் போயிருக்கு."
அதுகளுக்கு வழி சொன்னது யார்?

பிப்ரவரி 21
இரண்டாவது படம். அதே இடம், இம்மியும் நகரவில்லை. கட்டி முன்னைவிடப் பெரிதாம். மூன்று நாளாக வில்லை ஓரிடத்திலேயே இருந்தால் படகில் என்ன எழுதுவோம்? மீன் செத்தது — அவ்வளவுதான். சாவதென்றால் வீட்டில் சாகிறேன். மார்லிஸிடம் பையைக் கட்டச் சொன்னேன். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக என் மனைவி மறுபேச்சுப் பேசவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 22
பையைப் பார்த்துவிட்டு ரோவெனா கேட்டாள்.
"செத்துப்போச்சுன்னு யார் சொன்னா?"
"மூணு நாளா நகரலையே."
"வெர்லின், செத்த மீனுக்குள்ளயும் உங்க வில்லை கத்திக்கிட்டே இருக்கும். இது அப்படியில்ல. படத்துக்காக நாங்க ஏத்துற மருந்தை, நாங்க பழக்கின அணு உயிரோட இருந்தாத்தான் உறிஞ்சும். செத்தா இருட்டு. நீங்க பாத்த வெளிச்சம் பூரா உயிர்."
"அப்ப கட்டி ஏன் பெருசாச்சு?"
"உள்ள அடிதடி நடக்குது. வீங்காம என்ன பண்ணும்?"
டாக்டரும் அப்படித்தான் நினைக்கிறார், ஆனால் சத்தியம் செய்யவில்லை. காத்திருக்கச் சொன்னார்.
"புத்தி பூரா மீன்தான் உனக்கு, கிழவா," என்று மார்லிஸ் பையைப் பிரித்தாள். வெட்கமில்லாமல் அழுதேன்.

மார்ச் 12
கட்டி பாதி. வெளிச்சமும் மங்கல். வேலை குறைந்தால் ஆளும் குறையுமாம். என்ன ஒழுங்கு!

ஜூன் 3
கட்டி இல்லை. இத்தனை நாளும் டாக்டர் "அடுத்த வாரம் பாப்போம்" என்பதற்கு மேல் எதையும் சொன்னதில்லை. இன்று "செப்டம்பர்ல வாங்க" என்றார். மார்லிஸ் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார்.