படிச்சுக் காட்டாத தாள்

ஜூலை 21, ஞாயிறு

காத்து. காலையிலிருந்து கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. பல்லடம் பக்கம் ஆடி பிறந்தால் இப்படித்தான். போர்டில் எழுதியதைவிடக் கண்ணில் விழுந்த மண் ஜாஸ்தி.

வகுப்புக்கு ஏழு பேரும் வந்தார்கள். அம்மா, பாப்பாத்தி அக்கா, மற்ற ஐந்து பேர். எல்லோரும் எங்கள் தறிக் குடோனில் தறிக்கு நூல் தார் சுற்றுகிறவர்கள். எல்லோரும் ஓனர் கொடுத்த இதே லைன் வீட்டில் குடியிருப்பவர்கள். வருகை நோட்டு என் பொறுப்பு. ஒன்பதாவது பாதியில் நின்றவள், அதனால் கற்றுக்கொள்ள உட்கார வேண்டாம். வாய் திறக்காதவள், அதனால் நோட்டு.

அம்மா முதல்தடவையாக முழுப் பெயரும் எழுதினாள். மயிலாத்தாள். எழுதிவிட்டுச் சிலேட்டைத் தள்ளிப் பிடித்து, யாரோ தெரிந்தவர் மாதிரி பார்த்தாள்.

சுமதி அக்காவும் சாரும் வந்து பத்து மாசம் ஆகப்போகிறது. புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் கோயமுத்தூரில் வேலைக்கு ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். முதல் நாள் போர்டில் அந்த வருஷத்துக்கு நாலு வேலை எழுதினார்கள்.
1. ஏழு பேருக்கு எழுத்து
2. அக்கா தபாலில் எம்.ஏ.
3. சார் கவிதைப் புத்தகம்
4. இமயமலை
பா. அக்கா அன்றைக்கே கேட்டாள், நாங்க மொதல்லயா மலை மொதல்லயா சார் என்று. சார் சிரித்தார். இப்போது மலைக்குப் போகிறார்கள். வியாழன் ரயில்.

சுமதி அக்காவின் முறை: முதலில் பெயர். பெயர் எழுத வந்துவிட்டால் தைரியம் வரும், படிப்பது பிறகு. படிப்பு ஆகஸ்டில் ஆரம்பம். இப்போதைக்கு ஏழு பேருக்கும் எழுத வருவது அவரவர் பெயர் மட்டும். பா. அக்காவிடம் வீட்டுக்காரர் பேரும் எழுதிப் பார்க்கலாமே என்றதற்கு, "வாயால சொல்ல மாட்டேன், கையால மட்டும் சொல்லுவனா? போங்க்கா" என்றாள்.

கடைசியில் சார் எல்லோரையும் கை தூக்கச் சொன்னார். இனி யார் மை டப்பா நீட்டினாலும் பெருவிரல் வைக்க மாட்டோம். ஏழு கை. அப்புறம் சார் அதைப் பற்றியே எழுதிய கவிதை படித்தார். ஒரு வரிதான் நினைவிருக்கிறது: "விரலின் நீலம் தண்ணீரோடு போயிற்று." நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 25, வியாழன்

போய்விட்டார்கள். பத்து மணிக்கு ஆட்டோ. அக்கா எனக்கு ஒரு பேனா, பத்தாவது கணக்குப் புத்தகம். பிரைவேட்டாக எழுதலாம் அம்மணி, வந்து பேசுவோம் என்றார். தலையாட்டினேன்.

மூன்று வாரம் போன் கிடைக்காதாம். மலை.

மதியம் ரசம், அப்பளம். தலை வலி.

ஜூலை 30, செவ்வாய்

இதை எழுதக் கூடாது. எழுதிவிடுகிறேன்.

நாலு மணிக்கு அம்மாவுக்கு டீ கொண்டுபோனேன். தார் மிஷின் பக்கம் மேனேஜர். கையில் தாள், மை டப்பா. எப்போதும் எந்தத் தாள் வந்தாலும் அவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சத்தமாகப் படிப்பார். கைநாட்டு வைக்கிறவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், காட்டினேன் என்று கீழே எழுதவும் வேண்டும். அது ஓனர் அப்பா காலத்து வழக்கம். பிறகுதான் விரல்.

இன்று பா. அக்கா மை டப்பாவை நகர்த்திவிட்டாள். பேனா குடுங்க என்றாளாம். மேனேஜர், "அடேங்கப்பா, படிச்ச கூட்டம். அப்புறம் நான் எதுக்குங்க படிச்சுக்கிட்டு" என்று சிரித்துக்கொண்டே பேனாவைக் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் அம்மா பிறகு பெருமையாகச் சொன்னது. நான் போனபோது பா. அக்கா போட்டுவிட்டு மிஷினுக்குத் திரும்பியிருந்தாள், முதுகு எங்கள் பக்கம். அடுத்தது அம்மா. நூல் மூட்டைக்கு இந்தப்பக்கம் நான், டம்ளரோடு, அம்மாவின் தோளுக்குப் பின்னால்.

தாள் தெரிந்தது. இரண்டாவது வரி படித்தேன். "எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகி, குடியிருக்கும் வீட்டையும் காலி செய்து."

அம்மா ம எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை போதும். அம்மா, இரு. அவ்வளவுதான். மேனேஜர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நான் டம்ளரைப் பார்த்தேன். அம்மா ள் முடித்துப் புள்ளி வைத்தாள். அம்மாவுக்குப் பிறகு ஐந்து பேர். ஐந்து பேரும் மூட்டைக்கு அந்தப்பக்கமிருந்தே போட்டார்கள், மூட்டை என்னை மறைத்திருந்தது. நான் அங்கேயேதான் நின்றேன்.

டீ ஆறிப்போச்சு என்று அம்மா சொன்னாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

தப்பாகப் படித்திருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். இரண்டு நாளாக இதே.
சோப்பு. தேங்காய் எண்ணெய். மண்ணெண்ணெய் இல்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தப்பாகப் படிக்கவில்லை.

குடோன் விற்றாயிற்று. தறிகளைப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். ஆகஸ்ட் 31க்குள் லைன் வீடுகள் காலி. கேட்டில் ஒட்டியிருப்பதை என்னைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். குரல் வந்தது. இதற்கு வந்தது.

ஏழு பேரும் மேனேஜரிடம் போனார்கள். அவர் தாளை எடுத்துக் காட்டினாராம். நீங்களே விலகிக்கறம்னு எழுதி, நீங்களேதான் போட்டிருக்கறீங்க, இது யார் கையெழுத்து? ஒவ்வொருத்தரும் தங்களுடையதை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். பா. அக்கா மட்டும், "என்னோடதுதான், நல்லாத்தான் உழுந்திருக்குது" என்றாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அம்மா சோறு சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அக்காவும் சாரும் வந்துவிட்டார்கள். சார் மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. எல்லோருக்கும் சின்னச் சின்ன மணிமாலை வாங்கி வந்திருந்தார்கள். வாசலிலேயே ஏழு பேரும் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். மாலைப் பொட்டலம் திண்ணையில் அப்படியே கிடந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

இரண்டு பேரும் ஓனர் வீட்டுக்குப் போய்வந்தார்கள். அக்கா சொன்னது: காப்பி கொடுத்தார், பலகாரம் கொடுத்தார், நல்ல மரியாதை. எல்லாம் கேட்டுவிட்டு ஓனர் சொன்னாராம்: "கையெழுத்துப் போடக் கத்துக்குடுத்தது நீங்கதானுங்களே."

அதைச் சொல்லும்போது அக்கா அழுதுவிட்டார். சார் போர்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். போர்டில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வகுப்பு நேரத்துக்குக் கூட்டம். தொழிலாளர் ஆபீசில் மனு கொடுக்கலாம் என்றார் அக்கா. தெரிந்த வக்கீலைக் கேட்டாராம். எங்களுக்குப் படிக்கத் தெரியாது, படித்தும் காட்டவில்லை என்று ஏழு பேரும் ஆபீசர் முன்னால் சொல்ல வேண்டும்.

முதலில் பேசியது பா. அக்கா.

"ஏனுங்க்கா, பத்து மாசம் உக்காந்து படிச்சமுன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டோம். எங்கூட்டுக்காரரு என்னைய வாத்தியாரம்மாங்கறாரு. இப்பப் போயி ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்றதா?"

மற்றவர்களும் அதேதான். அம்மாவும். நான் நினைத்துப் பார்க்கவில்லை, அது அவ்வளவு பெரிய விஷயமாக இருக்கும் என்று. வீடு போனாலும் போகட்டும், அதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, வேறு வழி ஒன்று இருக்கிறது என்றார் அக்கா. படிக்கத் தெரிந்த யாராவது அந்த நேரத்தில் அங்கே இருந்து, மேனேஜர் படித்துக் காட்டவில்லை என்று சொன்னால் போதும், தெரியாது என்று நீங்கள் யாரும் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு சாட்சி.

"யாருங்க இருந்தா? நாங்கதான்" என்றாள் பா. அக்கா.

வருகை நோட்டில் ஏழு டிக் போட்டேன். எட்டாவது பெயர் அதில் கிடையாது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவும்போது. முழுவதும். இரண்டாவது வரி, டம்ளர், எல்லாம். அக்காவிடம் போய் நானே சொல்கிறேன் என்றும் சொன்னேன். மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குழாயை மூடினாள்.

"இவங்க ஆறு பேரும் உன்னைய என்ன கேப்பாங்கன்னு தெரியுமா கண்ணு? அங்கயே நின்னவ ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. ஆயுசுக்கும் கேப்பாங்க."

ஊடு போயிருமே அம்மா என்றேன்.

"போவட்டும். யாருகிட்டயும் மூச்சு உடாதே."

அப்புறம் குழாயைத் திறந்தாள். ஒரே தட்டை ரொம்ப நேரம் தேய்த்தாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கடைசி வகுப்பு. மூன்று பேர்தான் வந்தார்கள். அக்கா ப, ட, ம சொல்லிக்கொடுத்தார். படம். பட்டம். யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

சார் கவிதைப் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்கவில்லையாம். அக்கா பரீட்சைக்குப் பணம் கட்டவில்லையாம். செப்டம்பரில் வேலைக்குத் திரும்புகிறார்கள். என்னிடம் பத்தாவதைப் பற்றிக் கேட்டார். தலையாட்டினேன். இந்தத் தடவை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டு தடவை அக்காவோடு தனியாக இருந்தேன். ஒரு தடவை போர்டுக்குப் பக்கத்தில். ஒரு தடவை ஆட்டோவரை நடந்தபோது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

வெயில். காத்து நின்றுவிட்டது.

எங்கள் சாமான்: பீரோ 1, பாய் 3, குடம் 4, மிக்சி, துணி மூட்டை 2. ஈரோட்டில் மாமா வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை. அம்மாவுக்கு அங்கே சாயப்பட்டறை வேலை கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம்.

பா. அக்கா எங்களுக்கு முன்னால் டெம்போவில் கிளம்பினாள், ஆனைமலையில் மகள் வீட்டுக்கு. மருமகனுக்குப் பிடிக்காது, இருந்தாலும் வேறு போக்கில்லை. வீட்டுக்காரர் முன்னால் டிரைவர் பக்கம், இவள் பின்னால் கட்டிலுக்கும் மூட்டைக்கும் நடுவில். வாரேன் வாரேன் என்று எல்லோருக்கும் கை காட்டினாள். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டாள். போனேன். குனிந்து என் கன்னத்தைத் தடவினாள். கை காய்ப்பு சொரசொரவென்று.

"நீ ஒருத்தி அன்னைக்குக் குடோனுக்கு வந்திருந்தீன்னா எங்களை எல்லாம் காப்பாத்தியிருப்பே சாமி. எங்க நேரம், நீ ஊட்டுல இருந்துட்டே."

அம்மா பக்கத்தில்தான் நின்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கயிற்று முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாங்க்கா என்றேன்.