பதினான்காம் பிரிவில் மூன்று அசல்கள்

ஜனவரி 14, ஒட்டாவா
வேலை கிடைத்துவிட்டது, வேலை, கோலெட் பூஷாரின் துறையிலேயே, அவர் அறையிலிருந்து மூன்றாவது மேசை! "கப்பல் சரக்குக் கடன் விதி எழுதுற அதிகாரிக்கெல்லாமா ரசிகை இருப்பா?" என்றாள் அம்மா. நான் இருக்கிறேனே. நாடாளுமன்றக் குழு முன் அவர் பேசிய காணொளிகளைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலையே கற்றேன்.

ஜனவரி 15
பக்கத்து மேசை மார்னி: "ஆட்டோகிராஃப் வாங்கிட்டியா டெஸ்?"
நாளைக்கு.

ஜனவரி 27
வரைவு விதி அரசிதழில் வந்துவிட்டது! மக்கள் கருத்துச் சொல்ல முப்பது நாள். சரக்குச் சீட்டு யார் கையிலோ சரக்கு அவருக்கு; அதை நம்பித்தான் வங்கி கடன் தரும். ஹாலிஃபாக்ஸில் கப்பல் வந்து நிற்கும், காகிதச் சீட்டு மட்டும் கூரியரில் வந்துகொண்டே இருக்கும். இனி அது மின்சீட்டு. கோலெட் இதற்காகப் பத்தொன்பது வருடம் மல்லுக்கட்டியிருக்கிறார். இரண்டு அரசாங்கங்கள் கிடப்பில் போட்டன. மார்ச்சுக்குள் நிறைவேறினால் அவருக்கு ஜெனீவாவில் சர்வதேச வர்த்தக அமைப்பொன்றில் பெரிய பதவி.

பிப்ரவரி 6
பிரிவு 14: "மூன்று அசல்களாக வழங்கப்பட வேண்டும்."
மூன்றா? ஆறு தடவை படித்தேன். காகிதத்தில் சரி. தபாலில் ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்ற பழைய வழக்கம். மின்சீட்டில் எதற்கு? ஆளுக்கொரு அசலோடு மூன்று பேர் ஒரே சரக்கைக் கேட்டு நிற்பார்கள். எந்த வங்கி கடன் தரும்? வழக்கறிஞர்கள் படித்தார்கள், வங்கிக்காரர்கள் படித்தார்கள். எல்லாம் மூன்றைப் பார்த்தே பழகிய கண்கள்.
எழுதியது யார்? பழைய வரைவுகளைத் தோண்டினேன். கோலெட். அய்யோ.

பிப்ரவரி 7
மார்னியிடம் காட்டினேன். "வாயத் தொறக்காத. திருத்தினா மறுபடி அரசிதழ், மறுபடி முப்பது நாள். அதுக்குள்ள தேர்தல் வந்துரும். மூணாவது தடவையும் குப்பைதான்."

பிப்ரவரி 10
கோலெட்கிட்ட சொல்லல.

பிப்ரவரி 11
இன்னைக்கும் சொல்லல. எனக்கு அவங்களப் பிடிக்குமா, இல்ல அவங்க சொன்னது பிடிக்குமா?

பிப்ரவரி 12
சொல்லிவிட்டேன். கோலெட் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
"வேற யாருக்குத் தெரியும்?"
"மார்னிக்கு."
"சரி. கடைசிப் பிரதியில எழுத்துப்பிழைன்னு மாத்திடலாம்."
"அது எழுத்துப்பிழை இல்லையே. ஜனங்க பாக்காத வரி சட்டமாகக் கூடாதுன்னு குழு முன்னாடி நீங்கதான—"
"என் பேச்சையே எனக்கு ஒப்பிக்கிறியா?"
"எல்லாமே மனப்பாடம்."
"கடவுளே. வெளிய போ."

பிப்ரவரி 13
அடையாள அட்டை இன்னும் வேலை செய்கிறது. நம்பாமல் வெளியே போய் மறுபடி தேய்த்துப் பார்த்தேன். அவர் கதவு மூடியே இருக்கிறது.

பிப்ரவரி 18
கதவு திறந்தது. "உள்ள வா. ஒண்ணப் பிடிச்சிட்ட, மிச்சம் அறுபது பிரிவையும் படி. இன்னும் ஏதாவது இருந்தா எல்லாத்தையும் சேர்த்து ஒரே தடவையா அவமானப்பட்டுக்கிறேன்."
சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவர் சிரித்தார், கொஞ்சம்.

மார்ச் 4
ஜெனீவாவுக்கு வேறொருவர். செய்தி வந்தபோது கோலெட் என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "அதிகாரி பாஷை வேணாம் டெஸ், லாரி ஓட்டுறவருக்கும் புரியணும்." முதல் வரியை மட்டும் அவரே எழுதினார். மதியம் வெளியானது:

"பதினான்காம் பிரிவில் உள்ள பிழை என்னுடையது. திருத்திய வரைவு இதோ. இன்னும் முப்பது நாள் இருக்கிறது. கிடங்கில் இருப்பவர்களே, வங்கியில் சீட்டு சரிபார்ப்பவர்களே, சரக்குக்காகத் துறைமுக வாசலில் நின்றவர்களே, படியுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் கொடுங்கள். எது உறுத்தினாலும் எங்களுக்கு எழுதுங்கள்."