ஹாரன் அடித்த பிறகு

ஏப்ரல் 19
மழை. கடல் வற்றிய சேற்றுவெளிக்கு ஆள் ஏற்றிப் போகிற டிராக்டரை எடுக்கவில்லை. நாளை சியோலிலிருந்து பறவை பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். சேற்றில் இறங்கினால் பறவைதான் இவர்களை வேடிக்கை பார்க்கும்.

ஏப்ரல் 20
இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

வண்டி நிறைய ஆள். பக்கத்தில் வழக்கம்போல ஒக்புன், என் கொழுந்தன் பெண்டாட்டி. ஒருத்தன் நீளக் குழாய் வைத்த கேமராவோடு ஏறினான். "பீரங்கியை வடகொரியா பக்கம் திருப்பிடாதீங்க சார், சண்டை வந்துரும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

சேற்றுவெளியில் பறவைகள் தலைகுனிந்து நண்டு பொறுக்கிக்கொண்டிருந்தன. அவனுக்குப் பறக்கிற படம் வேண்டுமாம். சிப்பி ஓடுகளை அள்ளி அள்ளி அவற்றின்மேல் எறிந்தான். ஒன்றுக்கு இறக்கை முறிந்து, சேற்றிலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"பொண்டாட்டி திரும்பிப் பாக்கலைன்னாலும் இப்படித்தான் எறிவீங்களா சார்?" என்றேன்.

கேமரா முக்காலியால் என் வாயிலேயே போட்டான். ஒரு பல் போச்சு. சிப்பி தோண்டுகிற களைக்கொத்தியின் பிடியால் அவன் முழங்காலில் விட்டேன். விழுந்தான். எழப் பார்க்கப் பார்க்க, தொடைவரை சேறு விழுங்கிவிட்டது.

கடல் ஏறுகிற நேரம். ஹாரன் அடித்தேன். மற்றவர்கள் ஓடி வந்து ஏறினார்கள். எங்கள் ஊர் விதி — ஹாரன் அடித்தபிறகு ஒரு ஆளுக்காக வண்டி நிற்காது. கிளப்பினேன்.

"அவன் இன்னும் ஏறலக்கா" என்றாள் ஒக்புன்.

"நீந்தி வரட்டும்."

ஒக்புன் சாவியைப் பிடுங்கினாள். அறைந்தேன். என் கையைக் கடித்துவிட்டு, சாவியோடு குதித்தாள். அப்புறம்தான் பலகை போட்டு, அவன் அக்குளில் கயிறு கட்டி, டிராக்டரால் இழுத்தோம். தோள் கழன்ற சத்தம் கேட்டது. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

ஏப்ரல் 21
கஞ்சி மட்டும். வாய் திறக்கவில்லை. ஊருக்கு நிம்மதி.

ஏப்ரல் 24
போலீஸ் வந்தது. நான் கொல்லப் பார்த்தேன் என்று புகார் கொடுத்திருக்கிறான். ஊர்த் தலைவர் விதியைச் சொன்னார். "தண்ணி எங்க இருந்துச்சு?" என்று போலீஸ்காரர் கேட்டார். "சக்கரத்தைத் தொட்டுச்சுங்க" என்றேன். அவர் ஒக்புன் பக்கம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்தபடி, "ஆமாங்க" என்றாள்.

தொட்டுச்சா? தண்ணீர் அப்போது தூரத்தில் மீன்வலை கட்டுகிற கம்பத்தைக்கூடத் தாண்டவில்லை. அவனைத் தூக்க நேரம் எவ்வளவோ இருந்தது. நான் ஹாரனை முன்னாலேயே அடித்தேன் — வேணும்னுதான்.

ஏப்ரல் 25
ஒக்புன் வண்டிக்கு வரவில்லை.

மே 3
புகார் நிற்கவில்லையாம். தலைவர் அரிசிக் கள் கொண்டுவந்தார். நான் தொடவில்லை.

மே 4
காலையில் ஒக்புன் வீட்டுக்குப் போய் டிராக்டர் சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அவள் ஓட்ட, நான் பின்னால் பயணிகளோடு உட்கார்ந்தேன். திரும்புகிற நேரம் வந்ததும் கடலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கடலைப் பார்த்துவிட்டுத்தான் ஹாரன் அடித்தாள்.