பாப்பா தூக்கிய கால்

டிக்கோயா,
14.06.2009

அன்பு மகள் ஜீவராணிக்கும் மருமகனுக்கும் அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மழையும் இருமலுமாகச் சௌக்கியம், லண்டனில் நீங்கள் மூவரும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை. போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா போனைப் படக்கென்று வைத்தது கோபத்தில் இல்லை. பாப்பா முதலடி வைத்த கதையை நீ சொல்ல வாயெடுத்தாய், கண்ணால் பார்க்குமுன் அதைக் காதால் கேட்கமாட்டாளாம். நீ இன்டர்நெட்டில் போட்ட வீடியோவில் பாப்பா எழுந்து நின்று ஒரு காலைத் தூக்கினாள், அந்த நேரம் பார்த்து எங்கள் இணைப்பின் மாத லிமிட் முடிந்துவிட்டது. இனி ஒன்றாம் தேதிதான்.

இணைப்புக் கொடுத்த பெண் படம் பார்க்க லிமிட்டே இல்லைங்க என்றதை நம்பி, நான்தான் நம் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தண்டோரா போட்டேன். வந்தவர்களுக்கெல்லாம் உன் அம்மா தேத்தண்ணி கொடுத்து வீடியோவையும் போட்டாள். பாப்பா எழுந்திருக்கும்போது அடுத்த ஆள் உள்ளே வருவார். வந்தவருக்குப் பாதியிலிருந்து காட்டுவது மரியாதையா, மறுபடி பிறந்தநாள் கேக் வெட்டுவதிலிருந்து ஆரம்பம். கேக்கை லயமே மனப்பாடம் செய்துவிட்டது, நடையை ஒருவரும் பார்க்கவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டு அழகம்மா தினமும் வந்து, என்னாண்ணே, புள்ள இன்னும் காலக் கீழ வைக்கலியா, வலிக்காதா என்று என்னைத்தான் கேட்கிறாள்.

ஹட்டன் ஆபீசுக்குப் போய் அந்தப் பெண்ணிடமே விசாரித்தால், இணைப்புக் கொடுத்த கம்பெனி சொந்தமாகக் காட்டும் சினிமாவுக்கு மட்டும்தான் லிமிட் இல்லையாம், மற்ற இடத்து வீடியோ எல்லாம் கணக்கில் ஏறுமாம். ஒங்க ஹீரோ பறந்தா கணக்கில்ல, எங்க பேத்தி நடந்தா கணக்காம்மா என்றேன். அங்கிள் நம்ம சினிமாவப் பாருங்களேன் என்று சிரிக்கிறாள். எனக்கு உடம்புதான் ஒல்லி, தொண்டை அப்படியில்லையே. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற எடத்துல, நிறுக்கிறவன் தன் சொந்தக்காரி கூடைய மட்டும் தராசுல வைக்காம உள்ள விட்டா மலையே தெரண்டு வந்து கேக்கும், இங்க மட்டும் சும்மா இருப்போமா என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஆமா ஆமா என்றதும் மேனேஜரே வெளியே வந்து, மேலிடத்தில் பேசுவதாகச் சொன்னார். பேசட்டும், எல்லா வீடியோவையும் ஒரே தராசில் நிறுக்கிற வேறு கம்பெனி ஒன்றை விசாரித்து வைத்துவிட்டேன், மாதக் கடைசியில் மாறுகிறோம். ஒன்றாம் தேதி கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் வீடியோ, அழகம்மாவை மட்டும் முன்கூட்டியே உள்ளே உட்கார வைத்துவிடுவோம்.

இனி அனுப்பினால் நடையை முன்னால் போடு, கேக்கைப் பின்னால் போடு. அங்கே கோடையென்றாலும் மருமகன் குளிரில் தலைக்குக் குல்லா இல்லாமல் போகவேண்டாம். உங்கள் எல்லாருக்கும் எங்கள் ஆசீர்வாதம். பாப்பாவின் தரையில் இருக்கிற காலுக்கு ஒரு முத்தம், தூக்கிய காலுக்கு உள்ளதை உன் அம்மா ஒன்றாம் தேதிக்கு வைத்திருக்கிறாள்.

அன்புள்ள அப்பா,
இராமையா