அழித்த ஏழு பெயர்கள்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. குர்லாவில் வாஷி வண்டி இருபது நிமிடம் லேட். குடை இருந்தும் தொப்பல்.

ஆபீசில் புது வேலை. கனடாவின் வடகோடியில் ஓர் ஆறு, பக்கத்தில் ரோடுகூடக் கிடையாது. அங்குள்ள பழங்குடிகள் சொல்லும் பெயர்களை வரைபடத்தில் ஏற்ற வேண்டும். ஒரே ஆற்றுக்கு எட்டுப் பெயர்! யாரோ தூக்கத்தில் அடித்த லிஸ்ட். ஒன்றை வைத்துக்கொண்டு ஏழுக்கு ‘டூப்ளிகேட்’ போட்டு அழித்தேன். டீம் லீடர் சாவந்த், “தூ தோ ஏக்தம் ஃபாஸ்ட் ஹை” என்றார், நீ படு வேகம் என்று. எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம்தான்.

வாங்க: பால், உம்மாவுக்கு பி.பி. மாத்திரை, கொசுவத்தி.

ஜூலை 9, புதன்

மழை விடவில்லை. மிட்டி நதியில் வெள்ளம் என்று செய்தி. உம்மாவுக்கும் டிவிக்கும் சண்டை.

“நதியாம்லா! நம்ம சந்துக்குப் பின்னால சாக்கடையா ஓடுறது நாலா. மாஹிம் பக்கம் போயி கடலோட சேந்தா காடி. எந்த நதியக் கண்டானுவ இவனுவ?”

“எல்லாம் ஒரே தண்ணிதான உம்மா?”

“தண்ணி ஒண்ணுதான். நாலா பொங்குதுன்னா பாயச் சுருட்டணும். காடின்னா மீன் வாங்கப் போவணும். ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா எவளுக்கு வெளங்கும்?”

சாப்பிடும்போது அதே நினைப்பு. அந்த ஏழு பெயர்.

ஜூலை 10, வியாழன்

பெயர்களோடு வந்த ஒலிப்பதிவுகளை இன்றுதான் கேட்டேன். கேட்காமலே அழித்திருக்கிறேன். வெட்கம். வயசான ஓர் அம்மாவின் குரல். பெயரைச் சொல்லி, அர்த்தத்தை இங்கிலீஷில் சொல்கிறார். பனி மெலிசாகும் வளைவு, மேலே நடக்காதே. என் அம்மா மீன் காயவைத்த கரை. ஒவ்வொன்றும் ஆற்றின் ஒவ்வொரு துண்டுக்கு. டூப்ளிகேட் ஒன்றுகூட இல்லை.

சாவந்திடம் சொன்னேன். “ஜானே தோ, நூர்ஜஹான். கல் டெலிவரி ஹை.” விட்டுவிடு, நாளைக்கு அனுப்பியாக வேண்டும் என்கிறார். முடித்த வேலையை மறுபடி திறந்தால் தப்பு என் பெயரில் ஏறும். இந்த மாதம்தான் வேலை நிரந்தரமாக வேண்டும். பயமாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

லேசாக வெயில். சீக்கிரமே போய் ஏழையும் திரும்ப ஏற்றினேன், அதனதன் இடத்தில். என் பெயரில் ஏழு தப்பு. சாவந்த் முகம் கொடுக்கவில்லை. நிரந்தரம் அடுத்த வருஷம் பார்க்கலாமாம். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கடைசிப் பதிவை இன்னொரு தரம் கேட்டேன். அந்த அம்மா பெயரை இரண்டு முறை சொல்கிறார், மெதுவாக, எழுதுகிறவளுக்குத் தப்பிவிடக் கூடாதென்று. மூன்றாவது தரம் நானே சத்தமாகச் சொன்னேன்.

பக்கத்து சீட் ஷ்வேதா ஹெட்போனைக் கழற்றினாள். “கிஸ்கோ புலாயா?” யாரைக் கூப்பிட்டாய் என்று கேட்கிறாள்.